உங்களுக்குத் தெரியுமா? ஜாக்கி தூக்கும்... தாங்காது!

நல்ல சாலையில் பஞ்சர் என்றால் வண்டியை ஓரங்கட்டி, ஜாக்கி வைத்து, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் சேற்றுப் பள்ளத்திலும் அதே ஜாக்கி வேறு முகம் காட்டும். மஹிந்திரா தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி, ஜீப் என எது வைத்திருந்தாலும் சரி, காட்டுப்பாதைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை.

பிறந்த கதை

● கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கி, மோட்டார் காரைவிட மூத்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த ரிச்சர்ட் டட்ஜன் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1851. கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டி காப்புரிமை பெற்றது 1886-ல்தான்.

● காட்டுப்பாதைக்காரர்கள் வண்டியின் முன்பக்கத்திலோ கூரையிலோ மாட்டிக்கொண்டு திரியும் உயரமான ஹை-லிஃப்ட் ஜாக்கி, உண்மையில் விவசாயிகளின் கருவி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1905 முதல் தயாரானது. வேலிக் கம்பம் பிடுங்குவதற்கும் பண்ணை வண்டிகளைத் தூக்குவதற்கும் பயன்பட்டது. ஃபார்ம் ஜாக்கி என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

● தக்கார் ராலியில் ஓடும் முன்னணிக் கார்கள் பலவற்றில் ஜாக்கி வண்டியோடு சேர்ந்தே இருக்கும். பொத்தானை அழுத்தினால் அடிப்பகுதியிலிருந்து ஹைட்ராலிக் கால் இறங்கி வண்டியைத் தூக்கிவிடும். அந்த வசதி இல்லாத நாம், தூக்கும் இடத்தையும் தரையையும் நம் கண்ணால்தான் அளக்க வேண்டும்.

எதை வாங்குவது?

● ஜாக்கி வாங்கப் போகும் பலர் முதலில் கேட்பது, "எத்தனை டன் தூக்கும்?" காட்டுப்பாதைக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. எவ்வளவு தாழ்வான இடத்தில் நுழையும்? எவ்வளவு உயரம் போகும்? என் வண்டியில் அதைப் பொருத்த உறுதியான இடம் எங்கே இருக்கிறது?

● பஞ்சருக்காக முழு வண்டியையும் தூக்குவதில்லை. 1,800 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு சராசரியாக 450 கிலோ. முன்பக்கம் முழுவதையும் தூக்கினால் 900 கிலோவோ அதற்குச் சற்று மேலோ வரும். ஆனால் தண்ணீர் கேன், கூடாரம், கூடுதல் டீசல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சரிவில் நின்றால் கீழ்ப்பக்கச் சக்கரங்களின் பங்கு இன்னும் ஏறும். 2 டன் ஜாக்கி போதும் என்று கணக்கு வந்தாலும், 3 டன் வைத்திருப்பவருக்குக் கவலை குறைவு.

● வண்டியோடு தரும் சிசர் ஜாக்கியைத் தொடக்கத்தில் சுற்றுவதுதான் கடினம். அதன் கைகள் தரையோடு 15 டிகிரி கோணத்தில் படுத்திருக்கும்போது, 500 கிலோவைத் தூக்க நடுத்திருகில் ஏறக்குறைய 1,870 கிலோ இழுவிசை ஏறும். கைகள் 60 டிகிரிக்கு நிமிர்ந்ததும் அதே எடைக்கு 290 கிலோ போதும். பழைய சிசர் ஜாக்கிகளில் திருகின் மரை தேய்ந்து போவது இந்த அழுத்தத்தால்தான். அடியில் ஒரு பலகையை வைத்து, பாதி விரிந்த நிலையிலேயே ஜாக்கி வண்டியைத் தொடும்படி செய்தால் கைக்கும் எளிது, திருகுக்கும் நல்லது.

● பாட்டில் ஜாக்கியின் பலம் பாஸ்கல் விதியில் இருக்கிறது. சின்ன பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., பெரிய பிஸ்டனின் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 9 மடங்கு, ஆகவே விசையும் 9 மடங்கு. கைப்பிடியின் நெம்பலில் இன்னொரு 10 மடங்கு கிடைத்தால், 20 கிலோ அழுத்தத்துக்கு 1,800 கிலோ எழும். பதிலுக்கு நாம் கொடுப்பது பொறுமை: ஒவ்வொரு அடிக்கும் சில மில்லிமீட்டர்தான் உயரும்.

● பெரும்பாலான பாட்டில் ஜாக்கிகள் நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். படுக்கப் போட்டால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டு, அடித்தாலும் எழாமல் கிடக்கும். பள்ளத்தில் சாய்த்து வைத்து மல்லுக்கட்டுவது வீண்.

● 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியின் அங்கீகரிக்கப்பட்ட சுமை 4,660 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,114 கிலோ. அதன் எடை மட்டும் 13 கிலோவுக்கு நெருக்கம். உயரம், எளிமை, பல வேலைக்கு உதவும் தன்மை ஆகியவற்றில் அதற்கு இணை குறைவு. மன்னிக்காத குணத்திலும் அப்படித்தான்.

● ஹை-லிஃப்ட் வாங்கும் முன் உங்கள் பம்பரைத் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சத்தம் கேட்டால், அந்த ஜாக்கிக்கு அங்கே வேலை இல்லை. பள்ளம் வெட்டிய இரும்பு பம்பரோ, சேஸிஸோடு இணைந்த ராக் ஸ்லைடரோ வேண்டும். அழகுக்காகப் பொருத்திய வளைந்த குழாய் பம்பரிலும் பக்கவாட்டுப் படியிலும் ஜாக்கியின் நாக்கு வழுக்கிவிடும்; படியே வளைந்தும் போகும்.

● ஹை-லிஃப்டின் உயரம் வேண்டும், அதன் முரட்டுத்தனம் வேண்டாம் என்பவர்களுக்காக, ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் அதே நெடிய வடிவில் ஹைட்ராலிக் ஜாக்கி செய்கிறது. இறக்கும்போது கைப்பிடி உதைக்காது, வண்டி மெல்லத் தழையும். விலைதான் கையைக் கடிக்கும்.

● புகைக்குழாயிலிருந்து வரும் காற்றால் ஊதித் தூக்கும் பைகளும் உண்டு. 65 செ.மீ. விட்டமுள்ள பை 1,000 கிலோவைத் தூக்க, ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ அழுத்தம் போதும். டயரில் நாம் அடிக்கும் காற்றில் ஏழில் ஒரு பங்குதான் இது. பரந்து அமர்வதால் மணலிலும் சேற்றிலும் புதையாது. எதிரிகள் இரண்டு: முள், சூடான சைலன்சர். பைக்கு மேலும் கீழும் தடித்த விரிப்பு போட்டே ஆக வேண்டும்.

● கேரேஜில் ராஜாவான ட்ராலி ஜாக்கி, காட்டில் வெறும் சுமை. வண்டி உயர உயர, அது சிறு சக்கரங்களில் சற்றே உருண்டு இடம் மாறியாக வேண்டும். மண்ணில் அந்தச் சக்கரங்கள் புதைந்து நிற்க, ஜாக்கியின் தலை வண்டியின் அடிப்பகுதியை விட்டு நழுவும்.

எங்கே வைப்பது?

● சேஸிஸில் ஜாக்கி வைத்தால் வண்டி எழும், சக்கரம் எழாது! ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளில் சக்கரம் தரையை விட்டு விலகுவதற்குள் உடல் ஓர் அடி உயர்ந்துவிடும். அந்த அளவுக்கு வண்டியின் நிலையும் ஆட்டம் காணும்.

● தார், ஜிம்னி இரண்டிலும் பின்பக்கம் ஒரே துண்டான ஆக்சில். ஜிம்னியில் முன்பக்கமும் அப்படியே. அத்தகைய ஆக்சிலுக்கு அடியில் பாட்டில் ஜாக்கி வைத்தால் சக்கரம் உடனே எழும், உடல் அதிகம் உயராது. பஞ்சருக்கு இதுவே நிதானமான வழி. ஸ்டீயரிங் ராடு, பிரேக் குழாய், டீசல் டேங்க், கியர்பாக்ஸ் இவற்றின் அடியில் மட்டும் வைக்கவே கூடாது. கையேட்டில் குறித்திருக்கும் இடங்களை வீட்டிலேயே படுத்துப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

● ஹை-லிஃப்டில் உடலைத் தூக்காமல் சக்கரத்தையே தூக்கலாம். ரிம்மின் துளைகளில் மாட்டும் கொக்கி வார் இதற்கென்றே கிடைக்கிறது. பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தை உயர்த்தி, அடியில் கல்லோ பலகையோ நிரப்ப இது அருமையான உபாயம். பஞ்சருக்கு உதவாது, கழற்ற வேண்டிய சக்கரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

● ஜிம்னியின் டயர் அளவு 195/80 ஆர் 15. பக்கச்சுவரின் உயரம் 195-ல் 80 சதவீதம், அதாவது 156 மி.மீ. காற்று முழுக்க இறங்கினால் ஆக்சில் வெகுவாகத் தாழ்ந்துவிடும். வீட்டு வாசலில் சுலபமாக நுழைந்த பாட்டில் ஜாக்கி, காட்டில் நுழையாமல் போவது இதனால்தான். பதிலுக்கு மாட்ட வேண்டிய ஸ்டெப்னியில் காற்று இருக்கும். ஆகவே பழைய சக்கரத்தைக் கழற்றத் தேவையான உயரத்துக்கு மேலும் சற்றுத் தூக்க வேண்டும். ஜாக்கி எட்டவில்லையென்றால், சக்கரம் நிற்கும் இடத்தில் மண்ணைத் தோண்டுங்கள். மண்வெட்டி செலவில்லாத செ.மீ. தரும்.

● ஏர் சஸ்பென்ஷன் உள்ள பல வண்டிகளில், தூக்கும் முன் இயக்க வேண்டிய ஜாக்கி முறை ஒன்று அமைப்புப் பட்டியலில் இருக்கும். அதை மறந்தால், வண்டி சாய்ந்துவிட்டதாகக் கணினி நினைத்துத் தானே சமன் செய்யப் பார்க்கும். ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டி அசைவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

தரையைக் கேள்

● ஹை-லிஃப்ட் ஜாக்கியின் அடித்தட்டு சுமார் 10 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளம். 900 கிலோ அதன்மேல் ஏறினால் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் 5 கிலோ சுமக்கிறது. நனைந்த மண் அதற்கு ஈடுகொடுக்காது. வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். 30-க்கு 30 செ.மீ. தடித்த ப்ளைவுட் பலகை ஒன்றை அடியில் போட்டால் சுமை 1 கிலோவாகக் குறைந்துவிடும். பயணப் பையில் இடமே கேட்காத இந்தப் பலகைதான் ஜாக்கியின் மறுபாதி.

● பலகை மெலிந்ததாக இருந்தால் நடுவில் குழிந்து பயனற்றுப் போகும். 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டை ஒட்டித் திருகிவிட்டால் நம்பலாம்.

● ஹாலோ பிளாக், செங்கல், கையில் கிடைத்த பாறைத் துண்டு எதையும் ஜாக்கிக்கு அடியிலோ வண்டிக்கு முட்டாகவோ வைக்காதீர்கள். அழுத்தத்தில் அவை மெல்ல வளைந்து எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் உடையும். மரக்கட்டை முறியும் முன் நெரியும், சத்தம் கொடுக்கும். முட்டுக் கொடுக்கப் பழையவர்கள் கட்டையை நம்பியதில் காரணம் உண்டு.

● ஒரு பக்கத்தைத் தூக்கும்போது வண்டி நேராக மேலே போவதில்லை. எதிர்ப்பக்கச் சக்கரங்களை மையமாக வைத்து வட்டப் பாதையில் சாய்கிறது. நேராக நிறுத்திய ஹை-லிஃப்டும் மெல்ல மெல்ல வண்டியோடு சாயும். உயரம் கூடக் கூட ஒரு முறை தள்ளி நின்று பாருங்கள். ஜாக்கி சாய்வது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் இறக்கிவிட்டு, அடித்தட்டை நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டும்.

உருளாமல் நிற்க

● 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் முதல், 2016-ல் உற்பத்தி முடிந்த பழைய டிஃபெண்டர் வரை, ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து பின்னால் செல்லும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். அந்தரத்தில் உள்ள சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ளது மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும், வண்டி நகரும்! நடு டிஃபரன்ஷியல் உள்ளவற்றில் அதைப் பூட்டினால் முன் ஆக்சிலும் சேர்ந்து பிடிக்கும்.

● ஆட்டோமேட்டிக் வண்டியின் பார்க் நிலையும், மேனுவல் வண்டியைக் கியரில் நிறுத்துவதும் இதே வகைதான். இரண்டுமே சக்கரத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. தார், ஜிம்னி போன்றவற்றில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு, கியரிலும் நிறுத்தினால் தூக்காத ஆக்சில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

● பின்சக்கரங்களில் ஹேண்ட் பிரேக் இருக்கும் வண்டியின் பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால், அந்த பிரேக் பிடிப்பது காற்றைத்தான். எத்தனை பூட்டு போட்டாலும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டக் கொடுப்பதற்கு மாற்று இல்லை. மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள்.

● வீல் நட்டைத் தளர்த்துவது வண்டி தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். அரைச் சுற்று போதும். ஜாக்கியில் ஏற்றிவிட்டு, இறுகிய நட்டின்மேல் ஏறி மிதித்தால் அந்த உதை முழுவதும் ஜாக்கிக்குத்தான் போகும். இறுதி இறுக்கமும் அப்படியே: சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, ஒன்றுக்கொன்று எதிரெதிர் நட்டுகளாக.

● வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. தூங்கும் குழந்தை என்றாலும் எழுப்பி இறக்கிவிடுங்கள்.

கைப்பிடி என்னும் ஆபத்து

● ஹை-லிஃப்டால் காயம்பட்டவர்களைக் கேட்டால் பலர் சுட்டுவது அதன் கைப்பிடியைத்தான். பாதி அடியில் கை நழுவினால் அது மேல்நோக்கிச் சீறி எழும். தாடை, பல், மணிக்கட்டு எது வழியில் இருந்தாலும் பார்க்காது. கைப்பிடிக்கும் நெடுங்கம்பிக்கும் நடுவே ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் நின்று, இரு கையாலும் பிடித்து, அடியை முழுமையாக முடியுங்கள்.

● ஏற்றுவதைவிட இறக்குவதுதான் ஆபத்து. திசை மாற்றும் சிறு லீவரைத் தொடும் முன், கைப்பிடி நெடுங்கம்பியோடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். கைப்பிடி பாதியில் இருக்கும்போது லீவரை மாற்றினால், வண்டியின் எடை கைப்பிடியைத் தானே மேலும் கீழும் அடிக்க வைத்து, படபடவென்று இறங்கத் தொடங்கும். அப்படி ஆனால் செய்ய வேண்டியது ஒன்றே: விலகி ஓடுவது. பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள்.

● ஹை-லிஃப்ட் படிப்படியாக இறங்குவதற்குக் குறைந்தது 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, சுமை அதன்மேல் இருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டு எடை குறைந்ததும், தூக்கும் பகுதி சர்ரென்று அடிவரை விழும். விரலை வழியில் வைக்காதீர்கள்.

● அந்த ஜாக்கியில் தெரிந்தே பலவீனமாக வைத்த போல்ட் ஒன்று உண்டு. சுமை 7,000 பவுண்டை நெருங்கினால் அது அறுந்து, மேற்கொண்டு தூக்க விடாமல் தடுக்கும். அறுந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த உறுதியான ஹை-டென்சைல் போல்ட்டைப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. காவல்காரனைத் தூக்கிவிட்டோம் என்றே பொருள். அதே ரகத்தில் உபரி ஒன்றிரண்டு வைத்திருங்கள்.

அடியில் நுழையாதே

● ஆஸ்திரேலியாவில் வண்டி ஜாக்கி, ட்ராலி ஜாக்கி, ஸ்டாண்ட், சாய்தளம் எல்லாவற்றுக்கும் கட்டாயப் பாதுகாப்பு விதிகள் உள்ளன. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் போகாதே என்ற எச்சரிக்கை ஜாக்கியிலேயே இருக்க வேண்டும். வீட்டில் சொந்தமாக வேலை பார்ப்பவர்கள் காருக்கடியில் நசுங்கி இறந்த சம்பவங்கள்தான் அங்கே இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

● ஹைட்ராலிக் ஜாக்கியில் உங்கள் உயிருக்கும் வண்டிக்கும் நடுவே நிற்பது ஒரு ரப்பர் சீல். சிசர் ஜாக்கியில் ஒரு திருகு. ஹை-லிஃப்டில் விரல் தடிமனுள்ள இரண்டு ஊசிகள். அடியில் வேலை இருந்தால் ஸ்டாண்டோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கட்டைகளோ வண்டியைத் தாங்கட்டும்.

● காட்டில் ஸ்டாண்ட் இல்லையா? கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ சேஸிஸுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி முழுவதுமாகத் தரையில் விழாது. ஒரு நிமிட வேலை, கைகால் மிஞ்சும்.

பார்த்துக்கொள்ளுங்கள்

● வண்டிக்கு வெளியே மாட்டிய ஹை-லிஃப்டில் புழுதி புகுந்து ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் சிக்கிக்கொள்ளும். தேவைப்படும் நாளில் ஏறும், இறங்க மறுக்கும். உறை போடுங்கள். கழுவி, லேசான எண்ணெய் தெளித்து, மாதம் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் புழுதியைச் சேர்த்துப் பிடிக்கும்.

● ஹைட்ராலிக் ஜாக்கிக்கு பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. ஜாக்கியின் சீல்கள் அதற்கானவை அல்ல; ஊறிக் கெட்டுவிடும். ஹைட்ராலிக் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.

● 13 கிலோ இரும்பைப் பின்சீட்டில் சும்மா போட்டு வைத்தால், திடீர் பிரேக்கில் அது முன்சீட்டுக்காரரின் தலையைத் தேடி வரும். பட்டை போட்டுக் கட்டுங்கள்.

● மணலில் புதைந்ததும் ஜாக்கியைத் தேட வேண்டாம். டயர் காற்றைக் குறைத்து, சக்கரங்களின் முன் மண்ணை வெட்டி விலக்கினால் பெரும்பாலும் வண்டி தானே வெளியேறும். ஜாக்கி அதற்குப் பிறகுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உங்கள் ஜாக்கியால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருமுறை தூக்கி இறக்கிப் பாருங்கள். எட்டாத இடம், பொருந்தாத பம்பர், தேய்ந்த திருகு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். உங்கள் வண்டியை ஓட்டும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஜாக்கியைத் தூக்க மட்டும் நம்புங்கள். தாங்குவதற்குக் கட்டையையோ ஸ்டாண்டையோ வையுங்கள்.